சிறுதொழில் பதிவு: எது முதலில், எது பிறகு, எது இப்போதைக்கு வேண்டாம்

"ஏனுங்க தம்பி, கம்பெனிய ரிஜிஸ்டர் பண்ணோணும், எவ்வளவு ஆகும்?"

ஈரோட்டில் கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு மாதத்தில் நாலைந்து முறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவரிடம் ஏற்கெனவே யாரோ எட்டாயிரம் சொல்லியிருப்பார், இன்னொருவர் பதினெட்டாயிரம் சொல்லியிருப்பார். எதற்கு அந்தப் பணம் என்று இருவருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

உண்மை கொஞ்சம் வேடிக்கையானது. ஒருவர் தன் பெயரில் தனியாக நடத்தும் தொழிலை 'பதிவு' செய்வதற்கென்று நம் நாட்டில் ஓர் அலுவலகமே கிடையாது. அவர் வேறு, அவர் கடை வேறு என்று சட்டம் பார்ப்பதில்லை. பல துறைகளிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கும் சான்றுகள்தான் அந்தத் தொழிலுக்கு ஓர் அடையாளத்தைத் தருகின்றன. ஆகவே எந்தச் சான்றை எந்த வரிசையில் வாங்குவது என்பதுதான் கேள்வி. வரிசை மாறினால் மானியம் கைநழுவும், தேவையில்லாத அபராதம் சேரும்.

பொதுவாகச் சொன்னால் மண்டையில் ஏறாது. ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். துணிப்பை தைக்கப்போகிறார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் என்று வந்தபின் எங்கள் பக்கம் இந்த வேலையில் இறங்கியவர்கள் அதிகம். வீட்டு முன்னறையில் மூன்று பவர் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், உதவிக்கு இரண்டு பெண்கள். உள்ளூர் ஜவுளிக்கடை ஒன்றில் ஆர்டர் உறுதி. பெங்களூரிலிருந்து ஒருவர் போனில் விசாரித்திருக்கிறார். இந்த அக்காவோடு கடைசிவரை நடப்போம்.

மெஷின் வாங்குவதற்கு முன்: மானியம் வேண்டுமா?

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. நீட்ஸ், யு.ஒய்.இ.ஜி.பி. என்று மாநில அரசுக்கும், பி.எம்.இ.ஜி.பி. என்று மத்திய அரசுக்கும் மானியத்தோடு கூடிய கடன் திட்டங்கள் உண்டு. இவை புதிதாகத் தொடங்குபவர்களுக்கானவை. சொந்தக் காசில் மெஷின் வாங்கி, சான்றிதழ் எடுத்து, பில்லும் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் போய் நின்றால், "உங்களுது ஏற்கெனவே நடக்கிற யூனிட்டுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படித் திரும்பி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

எனவே கடன் எண்ணம் இருந்தால் முதல் வேலை மாவட்டத் தொழில் மையத்துக்குப் போவது. எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது, கல்வித் தகுதி என்ன, வயது வரம்பு என்ன, பெண்களுக்குத் தனிச் சலுகை உண்டா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மெஷின் கொட்டேஷனை வாங்கி வையுங்கள், மெஷினை வாங்காதீர்கள். கடன் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

எந்த வடிவம்?

தனியுரிமை, கூட்டாண்மை, எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை, பிரைவேட் லிமிடெட் என்று நான்கு வாசல்கள். நம் அக்காவுக்கு முதல் வாசல் போதும்.

தனியுரிமை என்றால் அவருடைய பான் எண்தான் தொழிலுக்கும் பான். லாபம் அவருடைய சொந்த வருமானத்தோடு சேர்ந்து வரிக்கணக்கில் வரும். தொடங்கவும் எளிது, மூடவும் எளிது. குறை ஒன்று: தொழிலில் பட்ட கடனுக்கு அவருடைய நகை, வீடு எல்லாமே பொறுப்பு.

இரண்டு பேர் சேர்ந்து முதல் போட்டால் கூட்டாண்மை. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி இதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பதிவு செய்யாத நிறுவனம் ஒப்பந்தப்படி வரவேண்டிய பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு தடுக்கிறது. கூட்டாளிகள் தமக்குள்ளும் அந்த ஒப்பந்தத்தை வைத்து வழக்காட முடியாது. அதனால் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, பதிவுத்துறையின் கீழ் உள்ள நிறுவனப் பதிவாளரிடம் பதிவு செய்துவிடுவதே புத்திசாலித்தனம். நிறுவனத்துக்குத் தனிப் பான் எடுக்க வேண்டும். யார் எவ்வளவு முதல், லாபத்தில் எவ்வளவு பங்கு, ஒருவர் விலகினால் கணக்கு எப்படித் தீர்ப்பது என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். 'நமக்குள்ள என்ன' என்று விட்ட இடத்தில்தான் பின்னால் பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும். இருவர் மட்டுமே உள்ள கூட்டாண்மையில் ஒருவர் இறந்தால் கூட்டாண்மை அத்தோடு முடிந்துபோகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எல்எல்பி 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவது. குறைந்தது இருவர் வேண்டும். விற்றுமுதல் 40 லட்சத்தையோ போட்ட முதல் 25 லட்சத்தையோ தாண்டாதவரை தணிக்கைக் கட்டாயம் இல்லை.

பிரைவேட் லிமிடெட் என்ற பெயருக்கு ஒரு மயக்கம் உண்டு. விசிட்டிங் கார்டில் கெத்தாக இருக்கும். ஆனால் ஒரு ரூபாய்க்குக்கூட விற்காத வருடத்திலும் கணக்கைத் தணிக்கை செய்தே ஆக வேண்டும். தொடங்கிய 180 நாளுக்குள் தொழில் தொடங்கியதற்கான அறிவிப்பு, வருடந்தோறும் இரண்டு முக்கியப் படிவங்கள், தாமதித்தால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். இரண்டு வருடம் மறந்துவிட்டு வந்து என் மேசையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. வெளி முதலீட்டாளர் வருகிறார், அல்லது கடன் அபாயம் பெரிது என்றால் மட்டும் இந்த வாசல்.

பெயர்

தனியுரிமையில் பெயர் உங்கள் இஷ்டம். 'மஞ்சள் பை மையம்' என்றோ குலதெய்வத்தின் பெயரிலோ வைக்கலாம். ஆனால் அந்தப் பெயரை வேறு யாரும் வைக்கக்கூடாது என்று சொல்லும் உரிமை எந்தச் சான்றிதழாலும் கிடைத்துவிடாது. அது வணிகச் சின்னப் பதிவில்தான் கிடைக்கும். போர்டு எழுதுவதற்கு முன் வணிகச் சின்னத் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். அரசோடு தொடர்பு இருப்பதுபோல் காட்டும் பெயர்களைத் தவிர்த்துவிடுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலை இன்றே முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு சான்றில் 'டிரேடர்ஸ்', இன்னொன்றில் 'டிரேடிங்' என்று இருந்தால் வங்கியில் அலைய வேண்டியிருக்கும்.

இடமும் மின்சாரமும்

சொந்த வீடு என்றால் சொத்துவரி ரசீதும் மின் கட்டண ரசீதும். வீடு கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தால் 'இங்கே தொழில் நடத்த ஆட்சேபணை இல்லை' என்று அவர் கையெழுத்திட்ட கடிதம். வாடகை என்றால் வாடகை ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் 'குடியிருப்புக்கு மட்டும்' என்று எழுதியிருந்தால் அதைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

வீட்டு மின் இணைப்பில் பவர் மெஷின் ஓட்டுவது எல்லோரும் செய்கிற தவறு. வீட்டுக் கட்டணம் 1ஏ. குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் 3ஏ1 என்று ஒரு பிரிவு இருக்கிறது; கடைகளுக்கான வணிகக் கட்டணத்தைவிடக் குறைவு. மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது 'கடை' என்று வாய்தவறிச் சொல்லி வணிகப் பிரிவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அங்கே தைத்து உற்பத்திதான் செய்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

உள்ளாட்சியில் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். தொழில் உரிமம் என்பது அந்த இடத்தில் அந்தத் தொழிலை நடத்துவதற்கான அனுமதி. தொழில் வரி என்பது வருமானத்தைப் பொறுத்து அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது; அரசமைப்புச் சட்டப்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. தொழில் வரி கட்டிய ரசீதை வைத்துக்கொண்டு 'லைசென்ஸ் இருக்கு' என்று சொல்ல முடியாது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று நடைமுறை மாறும். மோட்டார் இயந்திரம் வைப்பதற்குத் தனி அனுமதி வேண்டுமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

துணியை வாங்கித் தைப்பதோடு நின்றால் பிரச்சினை இல்லை. சாயம், சலவை என்று இறங்கினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்துவிடும். நொய்யல் கரையில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. சாயம் போட்ட துணியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

உத்யம்: இலவசம், ஆனால் அலட்சியமாக நிரப்பக்கூடாது

2020 ஜூலை 1 முதல் சிறுதொழில்களுக்கான பதிவு இதுதான். இணையத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். ஒரு பைசா கட்டணம் இல்லை. எந்த ஆவணத்தையும் ஏற்ற வேண்டாம். ஆதார் எண், அதோடு இணைந்த கைபேசி, பான், வங்கிக் கணக்கு எண் இருந்தால் அரைமணி நேர வேலை. நடப்புக் கணக்கு இன்னும் இல்லையென்றால் இப்போதைக்குச் சேமிப்புக் கணக்கைக் கொடுத்துவிட்டுப் பின்னால் மாற்றலாம். தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். அதே நிறம், அதே எழுத்து, அசோகச் சின்னம் மாதிரி ஒன்று என்று அச்சு அசலாக உள்ள தனியார் தளங்கள் இரண்டாயிரம், மூன்றாயிரம் வாங்கிக்கொண்டு இதே இலவச வேலையைச் செய்கின்றன.

யாருடைய ஆதார் என்பதில் கவனம் வேண்டும். "வீட்டுக்காரர் போன்லதான் ஓடிபி வரும்" என்று கணவருடைய ஆதாரைக் கொடுத்தால் தொழில் கணவருடையதாகிவிடும். பெண் தொழில்முனைவோருக்கான சலுகை கேட்டுப் போகும்போது கையில் இருப்பது ஆண் பெயரில் உள்ள சான்றிதழ். அக்காவின் ஆதாரோடு அக்காவின் கைபேசியை முதலில் இணையுங்கள்.

அடுத்தது, உற்பத்தியா, சேவையா, வணிகமா என்ற கேள்வி. 'பை விக்கிறோம், அப்போ வியாபாரம்தானே' என்று வணிகத்தைத் தட்டிவிடுவார்கள். இது பெரிய இழப்பு. வணிகர்களுக்கும் 2021 ஜூலையிலிருந்து உத்யம் கிடைக்கிறது; ஆனால் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் அது உதவும். அக்கா தைக்கிறார், அதனால் அவர் உற்பத்தியாளர். தொழில் வகைப் பட்டியலில் ஆடை அல்லாத தைத்த துணிப்பொருள்கள் 13-ஆம் பிரிவில் 1392-இன் கீழ் வருகின்றன. நைட்டி, சுடிதார் தைப்பவர்கள் 14-ஆம் பிரிவுக்குப் போக வேண்டும்.

அந்த இழப்பு என்ன? பாக்கி வசூல். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, குறு அல்லது சிறு தொழிலிடம் சரக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரை இணையத்திலேயே போடலாம். அது வட்டார வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று மன்றங்கள் இருக்கின்றன. அதோடு, குறித்த நாள் தாண்டி, நிதியாண்டு முடிந்தும் பணம் தராத நிறுவனம் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது என்ற விதியும் வந்தபின், பெரிய கடைகளின் கணக்குப்பிள்ளைகளே மார்ச் மாதத்தில் போன் செய்து "உங்க உத்யம் நம்பர் அனுப்புங்க" என்று கேட்கிறார்கள். பதிவுக்கு முன் கொடுத்த சரக்குக்கு இந்த உரிமையைக் கேட்டால் வழக்கில் சிக்கல் வரும். அதனால் முதல் பில்லுக்கு முன்பே உத்யம் கையில் இருக்கட்டும். எண்ணைப் பில்லின் தலைப்பிலேயே அச்சடித்துவிடுங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறுந்தொழில். மூன்று மெஷினுக்கு அந்தக் கவலை இல்லை.

ஜிஎஸ்டி: வாங்கலாமா, பொறுக்கலாமா

அதிகம் தவறு நடப்பது இங்கேதான், இரண்டு பக்கமும். தேவையில்லாதவர்கள் வாங்கிவிட்டு ரிட்டர்ன் போடாமல் அபராதம் கட்டுகிறார்கள். தேவைப்படுகிறவர்கள் '40 லட்சம் தாண்டலையே' என்று இருந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். சேவைக்கு 20 லட்சம். நம் ஊரில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. துணியைக் கடைக்காரர் கொடுக்க, கூலிக்குத் தைத்துத் தந்தால் அது ஜாப் ஒர்க். சட்டத்தின் பார்வையில் சேவை. சொந்தத் துணியில் தைத்து விற்பதோடு ஜாப் ஒர்க்கும் கலந்தால் வரம்பு 20 லட்சம்தான். ஒரே பான் எண்ணில் இன்னொரு தொழில் இருந்தால் அதன் விற்பனையும் சேரும்.

இன்னொரு கண்ணி பெங்களூர். பிற மாநிலத்துக்குப் பொருள் விற்றால் முதல் ரூபாயிலேயே பதிவு கட்டாயம். வரம்பு எதுவும் கணக்கில்லை. பிற மாநிலத்திலிருந்து துணி வாங்குவதற்கு இந்தக் கட்டாயம் இல்லை, விற்பதற்குத்தான். ஆன்லைன் சந்தைகளில் மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறியவர்கள் 2023 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி எண் இல்லாமல், பொதுத் தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று விற்கலாம்.

உள்ளூர் ஜவுளிக்கடை ஜிஎஸ்டி பில் கேட்கிறதா என்பதையும் பாருங்கள். நீங்கள் போடும் வரியை அவர்கள் வரவு வைத்துக்கொள்வார்கள், நீங்களும் துணிக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வீர்கள். அப்படிப்பட்ட வாடிக்கையாளர்களே அதிகம் என்றால் வரம்புக்குக் கீழே இருந்தாலும் பதிவு செய்வது லாபம். சந்தையில் நேரடியாகச் சில்லறை விற்பவருக்குப் பொறுத்திருப்பது நல்லது.

நடுவில் கலவைத் திட்டம் ஒன்று உண்டு. விற்றுமுதல் 1.5 கோடி வரை, உற்பத்தியாளருக்கு 1 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். ஆனால் வாங்குபவரிடம் வரி வசூலிக்கக் கூடாது, வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. பெங்களூர் ஆர்டரை எடுக்கும் எண்ணம் இருந்தால் அக்காவுக்கு இது ஆகாது.

பதிவுக்கு அரசு கட்டணம் இல்லை. பான், ஆதார், புகைப்படம், இட ஆவணம், வங்கி விவரம் வேண்டும். வரும் எண் 15 இலக்கம். 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, அடுத்த பத்தும் உங்கள் பான். எண் வந்தபின் விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். 'நில்' ரிட்டர்னுக்குக்கூடத் தாமதம் நாளொன்றுக்கு 20 ரூபாய். பதிவு கட்டாயமாகியும் செய்யாமல் இருந்தால் அபராதம் 10,000 ரூபாய் அல்லது கட்டாத வரி, இரண்டில் எது அதிகமோ அது.

நடப்புக் கணக்கு

சேமிப்புக் கணக்கிலேயே ஓட்டுகிறவர்கள் ஏராளம். நிறுவனப் பெயரில் காசோலை வந்தால் மாற்ற முடியாது; கடன் கேட்கும்போது காட்டத் தனி வரவு செலவும் இருக்காது.

தனியுரிமை நிறுவனத்துக்கு, அதன் பெயரில் தொழில் நடப்பதற்கான சான்று இரண்டு வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உத்யம், ஜிஎஸ்டி, உள்ளாட்சி உரிமம், வரித் தாக்கல் இவற்றில் ஏதாவது இரண்டு. ஜிஎஸ்டி இல்லாதவர் உத்யமும் உள்ளாட்சி உரிமமும் கொடுக்கலாம். இரண்டாவது சான்றுக்கு உண்மையிலேயே வழியில்லை என்று வங்கி கருதினால் ஒன்றை வைத்தும், தொழிலை நேரில் சரிபார்த்தும் கணக்குத் தொடங்க அதே விதி இடம் தருகிறது. கிளையில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். கூடவே நிறுவனப் பெயரும் அதன் கீழ் 'புரொப்ரைட்டர்' என்றும் உள்ள ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்துகொள்ளுங்கள். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று கேட்காமல் கணக்குத் தொடங்காதீர்கள்.

ஆட்களும் போர்டும்

இரண்டு பெண்கள் வேலை செய்யும்வரை பெரிய பதிவு எதுவும் இல்லை. வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் போதும். பத்துப் பேரானால் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ, இருபது பேரானால் வருங்கால வைப்பு நிதி. தனியாகக் கடை திறந்தால் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. துணிக்கடைகளில் நாளெல்லாம் நின்றே வேலை பார்த்த பெண்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வணிகச் சின்னம்

முதல் நாளே வேண்டாம். பெயர் சொல்லி வாங்க ஆரம்பித்தபின் செய்யுங்கள். இணையவழியில் ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய். தனிநபருக்கும் உத்யம் சான்று உள்ள சிறுதொழிலுக்கும் பாதி, 4,500. கிடைத்தால் பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். இந்தப் பட்டியலில் அரசுக்கென்று கொஞ்சம் பெரிய தொகை போவது இதற்கு மட்டும்தான்.

முதல் வருடக் கணக்கு

ஒரு நோட்டு, ஒரு ஃபைல். துணி வாங்கிய பில், நூல், மின்கட்டணம், கூலி, விற்பனைப் பில் எல்லாம் தேதிவாரியாக. விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்தால் உத்தேச வருமான முறையில், ரொக்க விற்பனைக்கு 8 சதவீதமும் வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதமும் லாபம் என்று காட்டி எளிதாக வரித்தாக்கல் செய்துவிடலாம். வரி வராத வருமானம் என்றாலும் தாக்கல் செய்யுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கடன் கேட்கும்போது வங்கி முதலில் நீட்டச் சொல்வது அந்தத் தாளைத்தான்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. உத்யமும் ஜிஎஸ்டியும் எடுத்த வாரத்திலிருந்து அக்காவின் போன் ஓயாது. "மேடம், உங்க உத்யம் இன்னைக்கு எக்ஸ்பைரி ஆகுது, ரெனியூவலுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு கட்டணும்." உத்யத்துக்குக் காலாவதியே கிடையாது; ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். "அப்படீங்களா, வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேனுங்க" என்றுகூடச் சொல்ல வேண்டாம். அப்படியே வைத்துவிடுங்கள்.